ஒரே ஆள், மூன்று பெயர்: பழைய பதிவுகளில் பாட்டனாரைத் தேடும்போது

பிறப்புப் பதிவேட்டில் ‘ஆண் குழந்தை’ என்று மட்டும் இருக்கும். பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது சுப்பிரமணியன். கிரயப் பத்திரத்தில் மணி. இறப்புப் பதிவில் குப்புசாமி. சென்னைக் குடும்பங்களில் நாலு தலைமுறை பின்னால் போனால் இப்படி ஒருவர் அநேகமாக அகப்படுவார். இதில் தில்லுமுல்லு எதுவும் கிடையாது. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைத்தார்கள். மாமனார் பெயரை மருமகள் வாய்விட்டுச் சொல்ல மாட்டாள். அதனால் வீட்டில் கூப்பிட வேறொரு பெயர். முன்னால் பிறந்தவை தங்காத வீட்டில் குப்பன், குப்பம்மாள், பிச்சை. ஞானஸ்நானம் பெற்றபோதும் பெயர் மாறியது. சில குடும்பங்களில் கல்யாணமாகி வந்த பெண்ணுக்குப் பெயரையே மாற்றினார்கள்.

ஆகவே பெயரைப் பிடித்துக்கொண்டு தேடினால் பாதி வழியில் நின்றுவிடுவீர்கள். சொத்து, தகப்பனார், மனைவி, உடன்பிறந்தவர்களின் வரிசை ஆகிய நான்கையும் பிடித்துக்கொண்டு தேடுங்கள்.

சொத்திலிருந்து தொடங்குவது நல்லது. சார்பதிவாளர் அலுவலகத்தில், நிலம், வீடு பற்றிய பத்திரங்கள் பதிவாகும் முதல் புத்தகத்துக்கு இரண்டு அட்டவணைகள் உண்டு. முதல் அட்டவணை ஆட்களின் பெயர்படி, இரண்டாம் அட்டவணை சொத்தின்படி. நமக்கு வேண்டியது இரண்டாவது. சர்வே எண்ணையோ கதவு எண்ணையோ கொடுத்து வில்லங்கச் சான்றுக்கு (ஈசி) மனுப் போட்டால், அந்த இடத்தில் கைமாறிய ஒவ்வொரு பத்திரமும், யார் எந்தப் பெயரில் எழுதியிருந்தாலும், வரிசையாக வரும். ஆன்லைனில் பொதுவாக 1975 முதல்தான் கிடைக்கும். அதற்கு முந்தியதற்கு அலுவலகத்தில் மனுப் போட்டு, புத்தகங்களைக் கையால் புரட்டித் தேடித் தரும் மேனுவல் ஈசி கேட்க வேண்டும். சைதாப்பேட்டை போன்ற பகுதிகள் முன்பு செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தவை. ஆகவே எந்த ஆண்டில் அந்த இடம் எந்த அலுவலகத்தின் எல்லையில் இருந்தது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ‘பதிவு இல்லை’ என்று வரும் பதிலை நம்பி ஏமாறுவீர்கள்.

கிடைக்கும் பத்திரங்களில் பாகப்பிரிவினைக்கு ஈடு எதுவும் இல்லை. முதல் பக்கத்திலேயே தகப்பனார் பெயர், அண்ணன் தம்பிகள் மூத்தவர் முதலாக வரிசையாக, ஒவ்வொருவரின் வயது, தொழில், குடியிருக்கும் தெரு எல்லாம் இருக்கும். ‘சுப்பிரமணியன் என்கிற மணி’ என்று இரண்டு பெயரும் ஒரே வரியில் வருவது பெரும்பாலும் இங்கேதான். ‘என்கிற’ என்பது (எ) என்று சுருங்கியிருக்கும். பிற்காலத்தில் ‘@’ குறியாகவும் இருக்கும். அவசரமாகப் படித்தால் கண்ணில் படாது. அதோடு நிறுத்தாமல் கடைசிப் பக்கத்தையும் பின்பக்கத்தையும் பாருங்கள். வாசகத்தில் சுப்பிரமணியன் என்று இருக்கும், கையெழுத்து ‘மணி’ என்று இருக்கும். பின்பக்கத்தில் சார்பதிவாளர் குறிப்பு, பெருவிரல் ரேகை, அடையாளம் காட்டியவர்களின் பெயர். அந்தச் சாட்சிகள் அநேகமாக மைத்துனரோ பக்கத்து வீட்டுக்காரரோதான். அதே சாட்சி வேறு பெயருள்ள இன்னொரு பத்திரத்திலும் இருந்தால் வலுவான தடயம். ஒரு எச்சரிக்கை: பழைய நகல்கள் எழுத்தர் கையால் பார்த்து எழுதியவை. அதில் இருக்கும் ‘கையெழுத்து’ எழுத்தருடைய எழுத்து. அசல் வீட்டுப் பெட்டியில் இருந்தால் அதைத்தான் ஒப்பிட வேண்டும்.

உயில் இருந்தால் உயர் நீதிமன்றத்தையும் விடாதீர்கள். சென்னை நகருக்குள் இந்துக்கள் எழுதிய உயில்களுக்கு 1870 முதல் நெடுங்காலம் புரொபேட், அதாவது உயில் உண்மையானது என்று நீதிமன்றம் தரும் சான்று, தேவைப்பட்டது. அந்த மனுவில் வாரிசுகள் பெயர் இருக்கும்.

முகவரியும் காலை வாரிவிடும். சென்னையில் பழைய எண், புதிய எண் என்று கதவுக்கு இரண்டு எண். எட்வர்ட் எலியட்ஸ் ரோடு டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலை ஆனது. மவுபரீஸ் ரோடு டி.டி.கே. சாலை ஆனது. தெருப் பெயர்களில் ஒட்டியிருந்த சாதிப் பட்டங்கள் 1970களின் இறுதியில் நீக்கப்பட்டன. இரண்டு தெருவில் இரண்டு ஆள் என்று தோன்றுவது ஒரே வீடாக இருக்கலாம்.

இறப்புப் பதிவைச் சரிபார்க்க நம்மிடம் அருமையான கருவி இருக்கிறது: திதி. இறந்த தேதி மறந்துபோன வீட்டில்கூட எந்த மாதம், எந்தப் பட்சம், எந்தத் திதியில் திவசம் என்பது மறப்பதில்லை. பதிவேட்டில் இருக்கும் குப்புசாமியின் இறந்த தேதிக்கு அந்த ஆண்டுப் பஞ்சாங்கத்தில் திதி பாருங்கள். மூன்றும் ஒத்துப்போனால் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. ஒரு திதி முன்பின் இருந்தால் பரவாயில்லை, நடு இரவு இறப்புகளில் அது சகஜம். ஆனால் பதிவு செய்த தேதியை இறந்த தேதி என்று எடுத்துவிடாதீர்கள். பத்திரத்தில் தமிழ் ஆண்டு மட்டும் இருந்தால் 60 ஆண்டுச் சுழற்சி ஞாபகம் இருக்கட்டும்: விரோதி வருஷம் என்றால் 1889-90ஆகவும் இருக்கலாம், 1949-50ஆகவும் இருக்கலாம்.

ஆங்கிலப் பதிவுகளில் முதல் எழுத்தே மாறும். ஏழுமலையை ‘இ’ எழுத்திலும் பாருங்கள், ‘ஒய்’ எழுத்திலும் பாருங்கள். கோவிந்தனை ‘ஜி’, ‘கே’ இரண்டிலும். ஒலி ஒத்த பெயர்களைத் தேடும் சவுண்டெக்ஸ் முறை முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொள்வதால் இங்கே கைகொடுக்காது. 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்களுக்குப் பெயரை விட, ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்த காலனி எண்தான் நம்பகமானது. கப்பல் பட்டியலில் தகப்பன் பெயரும் ஊரும் இருக்கும்.

இரண்டு பெயரும் ஒருவரே என்று முடிவு கட்டுமுன் அதை உடைத்துப் பாருங்கள். இரண்டு பெயரும் ஒரே பத்திரத்தில் தனித்தனி நபராக வருகிறதா? ஒரு பெயர் இறந்த பிறகு மற்றப் பெயர் கையெழுத்துப் போட்டிருக்கிறதா? பெரியப்பா மகனுக்கும் சித்தப்பா மகனுக்கும் ஒரே தாத்தா பெயர் வைத்திருப்பார்கள். இங்குதான் குழப்பம் அதிகம், த/பெ வரிதான் பிரித்துக் காட்டும். ‘இருவரும் ஒருவரே’ என்று வாரிசுகள் பின்னாளில் கொடுத்த உறுதிமொழிப் பத்திரத்தைத் தனி ஆதாரமாக எடுக்கக் கூடாது. அது அவர்கள் நம்பியதைத்தான் சொல்கிறது.

வம்சாவளியில் எழுதும்போது ஒரு பெயரைத் தேர்ந்தெடுத்து மற்றதை அழிக்க வேண்டாம். ஒவ்வொரு பெயருக்கும் நேரே எந்தப் பதிவு, எந்த ஆண்டு, ஆவண எண் என்ன என்று குறித்து வையுங்கள். இணைக்கும் பத்திரம் இன்னும் கிடைக்காத பெயரைப் பென்சிலால் எழுதுங்கள்.