சுண்ணாம்புக் கம்பத்துப் பெரியாச்சி

எனக்கு எட்டாம் மாதம் நடந்துகொண்டிருந்தபோது ஆடிப்பூரம் வந்தது. சிங்கப்பூர்த் தேசிய தினத்துக்கு இரண்டு நாள் முன்பு. எங்கள் அடுக்குமாடி புளோக் முழுக்கச் சிவப்பும் வெள்ளையுமாய்க் கொடி தொங்கிக்கொண்டிருந்தது. சனிக்கிழமை ஒத்திகைக்குப் போர் விமானம் பறந்தால் வயிற்றுக்குள் ஒரு உதை விழும். சத்தம் அடங்கினால் அதுவும் அடங்கிவிடும். "அம்மனுக்கு வளைகாப்பு, வா. உனக்கும் ரெண்டு வளையல் வாங்கிட்டு வரலாம்" என்று அத்தை என்னைச் சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோவிலுக்குக் கூட்டிப்போனார். அத்தை என்றால் என் மாமியார். சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவர்.

அந்தக் கோவிலுக்குப் போயிருந்தால் கதவில் வரிசையாகப் பதித்திருக்கும் சின்னச் சின்ன மணிகளைப் பார்த்திருப்பீர்கள். எல்லோரும் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். நானும் தட்டினேன். அம்மன் கழுத்திலிருந்து கால் வரை கண்ணாடி வளையல் சரம். கூட்டத்தில் நசுங்காமல் அத்தை முன்னால் கையை நீட்டி வழி விலக்கிக்கொண்டே வர, பிரகாரம் சுற்றினோம். ஒரு இடம் வந்ததும் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அதுதான் பெரியாச்சி சன்னதி. பேறுகாலத்தைக் காக்கிற சாமி என்பார்கள். மடியில் ஒரு பெண் மல்லாந்து கிடப்பாள். அவள் வயிறு பிளந்திருக்கும். பெரியாச்சி குடலை உருவி வாயில் வைத்திருப்பாள். காலடியில் ஒரு ராஜா மிதிபட்டுக் கிடப்பான். எட்டாம் மாதத்தில், வயிற்றைத் தூக்கிக்கொண்டு, அதை எப்படி நின்று பார்ப்பது? அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் எதிர்ச் சுவரில் எதையோ படிப்பதுபோல் நின்றுவிட்டு நகர்ந்தேன். வயிற்றில் இருப்பதற்கும் கண் இருப்பதுபோல் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டது இப்போது நினைத்தால் சிரிப்பாக வருகிறது.

வீட்டுக்கு வரும் வழியில் அத்தை கதையைச் சொன்னார். வல்லாளராஜன் என்று ஒரு கொடியவன். அவன் மனைவி பிள்ளைத்தாய்ச்சி. பிறக்கிற பிள்ளை மண்ணில் பட்டால் உனக்கு அழிவு என்று அவனுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். பேறுகாலம் பார்க்க யாரும் வரவில்லை. பெரியாச்சி வந்தாள். பிள்ளையை எடுத்து, தரையில் படாமல் கையிலேயே தூக்கிப் பிடித்திருந்தாள். காரியம் முடிந்ததும் ராஜா பேசிய கூலியைக் கொடுக்காமல் அவளையே அடிக்கப் போனான். அவ்வளவுதான், மருத்துவச்சி காளியாகிவிட்டாள். "மருத்துவச்சி வயித்துல அடிச்சா சும்மா விடுவாளா" என்றார் அத்தை. எனக்கு அப்போது கதை பிடிபடவில்லை. ராஜா செய்த தப்புக்கு அந்தப் பெண் வயிற்றை எதற்குக் கிழிக்க வேண்டும்? கேட்டேன். அத்தை கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவ நடுவுல மாட்டிக்கிட்டவ" என்றார்.

ஆவணி முடியும்போது அம்மா ஊரிலிருந்து வந்தார். எங்களுக்குப் பாபநாசம் பக்கம். பெட்டியைத் திறந்ததும் முதலில் எடுத்தது கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் குப்பி: திருக்கருகாவூர் விளக்கெண்ணெய். கர்ப்பரட்சாம்பிகை பாதத்தில் வைத்து மந்திரித்துக் கொடுப்பது. பிள்ளை வேண்டும் என்கிறவர்களுக்கு நெய், பிள்ளைத்தாய்ச்சிக்கு இந்த எண்ணெய். வலி எடுக்கும்போது அடிவயிற்றில் தடவினால் சுகப்பிரசவம் ஆகும் என்று எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு நம்பிக்கை. முனிவரின் மனைவி வேதிகைக்குச் சாபத்தால் கலைந்துபோன கருவை அம்பாள் ஒரு குடத்தில் வைத்துக் காத்துப் பிள்ளையாகக் கையில் கொடுத்தாள் என்பது தலபுராணம். அங்கே அம்பாளை நேரில் போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள். அப்படி ஒரு சாந்தம். அந்தச் சாமியைக் கும்பிட்டு வளர்ந்த அம்மாவிடம், பிள்ளை பிறந்த முப்பதாம் நாள் பெரியாச்சிக்குப் போக வேண்டும் என்று அத்தை சொன்னால் எப்படி இருக்கும்? அத்தை உள்ளே போனதும் அம்மா என் காதருகில் வந்தார். "பச்ச உடம்புக்காரிய அந்தச் சாமி முன்னாலயாடி நிறுத்துவாங்க?"

புரட்டாசியில் வலி எடுத்தது. ஆஸ்பத்திரியில் என் வீட்டுக்காரர் குப்பியைத் திறந்து பயபக்தியோடு தடவினார். ஐந்து நிமிடத்தில் தாதி வந்தார். குழந்தையின் இதயத் துடிப்பைப் பார்க்க வயிற்றில் கட்டியிருந்த பட்டை, எண்ணெயில் வழுக்கி வழுக்கி இறங்கியிருந்தது. கோபப்படவில்லை. "கோயில் எண்ணெயா? என் மாமியாரும் கொண்டாந்தாங்க" என்று சிரித்துக்கொண்டே துண்டால் துடைத்துவிட்டு, பட்டையைச் சரிசெய்தார். பதினான்கு மணி நேரம். கர்ப்பப்பை வாய் திறப்பது ஆறு சென்டிமீட்டரோடு நின்றுவிட்டது. பிள்ளைக்குத் துடிப்பு இறங்க ஆரம்பித்ததும் அறைக்குள் பேச்சு குறைந்தது. கையெழுத்து வாங்கினார்கள். முதுகில் ஊசி.

நெஞ்சுக்கு மேல் ஒரு நீலத்துணித் திரை கட்டியிருந்தார்கள். அதற்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று தெரியாது. வலி இல்லை, ஆனால் உள்ளே கையை விட்டு எதையோ துழாவுவது தெரியும்; பெட்டிக்குள் சாமான் தேடுவது மாதிரி. அப்புறம் ஒரு பெரிய அழுத்தம். திரைக்கு மேலே, கையுறை போட்ட ஒரு கை, வெள்ளைப் பூச்சும் ரத்தமுமாய் ஒரு பெண் குழந்தையைத் தூக்கிப் பிடித்தது. டாக்டர் முகம் எனக்குத் தெரியவில்லை. அந்தக் கை மட்டும்தான் தெரிந்தது. பிள்ளை வீறிட்டதும் கை திரைக்குப் பின்னால் இறங்கிவிட்டது.

சுகப்பிரசவம் ஆகவில்லை என்பதில் அம்மாவுக்கு ஒரு குறை. சொல்லவில்லை, ஆனால் குப்பியில் மீதி இருந்த எண்ணெயை அடிக்கடி எடுத்து வெளிச்சத்தில் பார்ப்பார். எனக்கும் குறைதான். பால் நான்காம் நாள்தான் சுரந்தது. பிள்ளைக்கு மஞ்சள்காமாலை, இரண்டு நாளுக்கு ஒரு தடவை பலதுறை மருந்தகத்துக்குத் தூக்கிப்போய்க் குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். ஒவ்வொரு குத்துக்கும் நானும் சேர்ந்து அழுதேன். சாயங்காலம் ஆறு மணி ஆனால் காரணமே இல்லாமல் கண்ணீர் வரும். தையல் போட்ட இடத்தைக் குளிக்கும்போதுகூட நான் குனிந்து பார்த்ததில்லை.

பத்தியத்தில் இரண்டு சம்பந்திகளுக்கும் நல்ல போட்டி. அம்மா பூண்டுக் குழம்பு, பிரசவ லேகியம். அத்தை விடிகாலையில் தேக்கா மார்க்கெட்டுக்குப் போய்ப் பால்சுறா வாங்கிவந்து புட்டு. இரண்டு பேரும் ஒத்துப்போன ஒரே விஷயம், நான் தண்ணீர் அதிகம் குடிக்கக் கூடாது என்பது. இதை மட்டும் நான் கேட்கவில்லை. பால் கொடுக்கிறவள் தாகத்தை அடக்கக் கூடாது என்று மருந்தகத்தில் தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். ராத்திரி இரண்டு மணிக்குச் சமையலறை விளக்கைப் போடாமல் நின்று குடித்திருக்கிறேன்.

கோவிலுக்கு எப்போது போவது என்பதில் அடுத்த பேச்சு. அம்மா நாற்பது நாள் என்றார், அத்தை முப்பது. முப்பத்தொன்றாம் நாள் வெள்ளிக்கிழமை என்று முடிவானது. பத்தரைக்கு ராகு காலம், அதற்குள் உள்ளே நுழைந்துவிட வேண்டும். ஒன்பது மணிக்குக் கிளம்பினோம். மின்தூக்கி கீழே வந்து சேர்வதற்குள் பிள்ளை தன் வேலையைக் காட்டிவிட்டது. திரும்ப மேலே. துணி மாற்றி இறங்கும்போது ஒன்பதே முக்கால். கைபேசியில் கூப்பிடும் வாடகைக் கார் என்றால் குழந்தை இருக்கை இருந்தே ஆக வேண்டும். டாக்சிக்கு அந்த விதி இல்லை. அதனால் சாலையோரம் நின்று டாக்சிக்குக் கை காட்டினோம். தீபாவளிக்கு ஆறு நாள்தான் இருந்தது. சிராங்கூன் சாலைக்கு மேலே அலங்கார வளைவுகள், கீழே நகராத வண்டிகள்.

வண்டி நின்ற இடத்திலிருந்து கையை நீட்டி அத்தை பழங்கதை சொன்னார். அந்தக் காலத்தில் இந்தப் பக்கம் சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்தனவாம். அதனால் இடத்துக்குச் சுண்ணாம்புக் கம்பம் என்று பேர். கம்பம் என்றால் மலாயில் கிராமம். 1881இல் எழும்பிய கோவிலை அவருடைய அம்மா கடைசிவரை சுண்ணாம்புக் கம்பத்துக் கோவில் என்றுதான் சொன்னாராம். ஜப்பான்காரன் குண்டு போட்டபோது ஜனங்கள் ஓடி ஒளிந்ததும் இங்கேதான். அத்தையின் கடைசித் தம்பி பிறந்தது 1966இல், பக்கத்திலேயே இருந்த பழைய கண்டாங் கெர்பாவ் ஆஸ்பத்திரியில். அந்த ஒரே வருஷத்தில் அங்கே 39,835 பிள்ளைகள் பிறந்து கின்னஸில் ஏறியது. "அதுல தமிழ்ப் புள்ள அத்தனையும் முப்பது கழிச்சு இங்கதான் வந்திருக்கும்" என்றார். கணக்கு அவருடையது.

பத்து இருபதுக்கு உள்ளே நுழைந்தோம். அம்மா மணியைத் தட்டவில்லை. பிள்ளை விழித்துவிடும் என்று என் கையையும் பிடித்துக்கொண்டார். முகப்பில் அர்ச்சனைச் சீட்டு. "பேரு, நட்சத்திரம்?" நட்சத்திரம் திருவாதிரை. பேர் இன்னும் முடிவாகவில்லை. பதிவு செய்ய 42 நாள் அவகாசம் இருக்கிறது என்று இழுத்துக்கொண்டிருந்தோம். "பாப்பான்னு போடுங்க" என்றார் என் வீட்டுக்காரர். காளியம்மன் முன்னால் மேளம் ஆரம்பித்ததும் பிள்ளை வீறிட்டது. மேளத்துக்குப் பயந்து காதில் வைக்கப் பஞ்சு எடுத்துவந்த அம்மா, அதைப் பையில் தேடி எடுப்பதற்குள் மேளமே நின்றுவிட்டது. பிள்ளை அழுத அழுகைக்கு எனக்குப் பால் சுரந்து ரவிக்கை நனைந்துவிட்டது. பட்டுப் புடவை கட்டாமல் பருத்தி கட்டியிருந்தது எவ்வளவோ நல்லது. முதல் முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது அது ஒன்றுதான். தூணோரம் உட்கார்ந்து, முந்தானைக்குள் பால் கொடுத்தேன். அர்ச்சனையில் பாப்பா என்று சொன்னது அங்கிருந்தே காதில் விழுந்தது. வேண்டுதல் ஒன்றும் வாயில் வரவில்லை.

அப்புறம் பெரியாச்சி.

இந்தத் தடவை முகத்தைத் திருப்பவில்லை. நிற்க நேரமாகும், அவசரப்பட்டால் தையல் இழுக்கும். அதனால் மெதுவாக நிமிர்ந்தேன். முதலில் கண்ணில் பட்டது அந்தக் கை. மேலே உயர்ந்த கையில் பிள்ளை. ஆடிப்பூரத்தன்று குடலையும் வாயையும் பார்த்துவிட்டு ஓடினவள் கையைப் பார்க்கவே இல்லை. எனக்கு அந்தக் கையைத் தெரியும். நீலத்துணிக்கு மேலே வந்த கை. அதற்குப் பிறகு மடியில் கிடந்தவளைப் பார்த்தேன். திறந்த வயிறு. மல்லாந்த தலை. அவளுக்கும் திரைக்கு அந்தப் பக்கம் நடப்பது தெரிந்திருக்காது. எனக்குக் கதை சொன்னவர்கள் யாரும் அவள் பேரைச் சொன்னதில்லை. பிள்ளைக்காகக் கும்பிடுகிறோம், பெரியாச்சியைக் கும்பிடுகிறோம். அந்த மடியில் கிடக்கிறவளுக்கு ஒரு பூ போடுவார் இல்லை. கையிலிருந்த மல்லிகைச் சரத்தில் ஒரு விரற்கடை கிள்ளி, அவளுக்கு என்று நினைத்துக்கொண்டு தட்டில் வைத்தேன். புடவைக்கு மேலே கையை வைத்துத் தையலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

பூசாரி பிள்ளையைக் கேட்டார். "தரையில வச்சிராதீங்க" என்று அத்தை சட்டென்று குறுக்கிட்டார். மற்ற சன்னதிகளில் துணி விரித்துக் கிடத்தலாம். பெரியாச்சி முன்னால் கைமாற்றிக் கைதான் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் மாமியார் வீட்டு வழக்கம். அத்தை பூசாரியிடம் நீட்டினார். அவர் தீபம் காட்டி, நெற்றியில் குங்குமம் வைத்து, வேப்பிலையால் ஒரு தடவு தடவிவிட்டு, எதிரில் இருந்தவரிடம் நீட்டினார். எதிரில் இருந்தது அம்மா. அதுவரை தூணுக்குப் பின்னால் பாதி மறைந்து நின்றவர், வேறு வழியில்லாமல் இரண்டு கையையும் நீட்டி வாங்கினார். வாங்கியவர் நெஞ்சில் அணைக்கவில்லை. என்ன நினைத்தாரோ, முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். பிள்ளை தலை சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தது.

"சம்பந்தியம்மா, கழுத்தைப் பிடிங்க, கழுத்தை" என்றார் அத்தை.

மத்தியானம் வீட்டில் படையல். முட்டை, கருவாடு, முருங்கைக்கீரை, பால்சுறா புட்டு. பெண்கள் மட்டும்தான் சாப்பிட வேண்டும் என்று அத்தை சொல்லிவிட்டார். என் வீட்டுக்காரர் கீழே காப்பிக் கடையில் சிக்கன் ரைஸ் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டார்.

ராத்திரி அம்மா ஊருக்குப் போன் போட்டுச் சித்தியிடம் பேசிக்கொண்டிருந்தார். நான் கட்டிலில் பால் கொடுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.

"இங்க பேறுகாலத்துக்குன்னே ஒரு சாமி வச்சிருக்காங்கடி. பாக்கப் பயமாத்தான் இருக்கும். ஆமா, குடலெல்லாம்... ஆனா இவ்வளவு நடக்குது, புள்ளைய மட்டும் கீழ விடல பாரு... எண்ணெயா? இருக்கு, பாதிக் குப்பி. அடுத்த புள்ளைக்கு ஆகும்... சரி அத விடு, பால்சுறா இங்க என்ன விலை தெரியுமா?"