கேலாங் பாத்தாவில் நான்கு மணி நேரம்

பள்ளியில் என் வேலை கணிதம் சொல்லித் தருவது. ஐஸ் ஹாக்கிக் குழுவின் மேலாளர் பொறுப்பு 2016இல் என்னிடம் வந்தது. அதுவரை பார்த்துக்கொண்டிருந்த ஆசிரியர் வேலை மாறிப் போய்விட்டார். வார இறுதிகளைக் கொடுக்க வேறு யாரும் முன்வரவில்லை. ஹாக்கி எனக்குப் புதிதல்ல. தோட்டத்துச் செம்மண் திடலில் அண்ணன்மார் ஆடுவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். 1975இல் கோலாலம்பூரில் உலகக் கிண்ணப் போட்டி நடந்து மலேசியா நான்காவதாக வந்த கதையை அப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் பனித்தரை ஹாக்கி வேறு உலகம். தரையில் ஒரு குழுவுக்கு ஆறு பேர்தான். முக்கால் நிமிடம் உயிரைக் கொடுத்து ஓடிவிட்டு அடுத்தவருக்கு இடம் விட்டு பெஞ்சில் வந்து விழுவார்கள். அந்த பெஞ்சுக்குப் பின்னால் நிற்பதுதான் என் இடம்.

எங்கள் பருவம் செப்டம்பரில் தொடங்கி மார்ச்சில் முடியும். பயிற்சி புத்ராஜெயாவில், ஐஓஐ சிட்டி பேரங்காடியின் பனிச்சறுக்குத் தளமான ரிங்கில். பொதுமக்கள் சறுக்கும் நேரம் போகத்தான் எங்களுக்கு இடம். மழை பெய்த இரவுகளில் கதவு திறக்கும் போதெல்லாம் ஈரக்காற்று உள்ளே புகுந்து பனித்தரைமேல் மூட்டமாகப் படியும். பந்துக்குப் பதிலாக ஆடும் ரப்பர் வட்டான பக் எந்தப் பக்கம் போனதென்று பிள்ளைகள் தேடுவார்கள். இடைவேளையில் ஸாம்போனி வண்டி தரையைச் சீவிக்கொண்டே பின்னால் வெந்நீரைப் பரப்பும். ஐஸ் மேல் எதற்கு வெந்நீர் என்று முதல் வாரமே கேட்டேன். வெந்நீர் மேல்தட்டைக் கொஞ்சம் உருக்கிக் கீறல்களுக்குள் இறங்கி, அடியோடு ஒன்றாக உறைந்துகொள்ளும், பச்சைத் தண்ணீர் அப்படி ஒட்டாது என்று வண்டி ஓட்டுபவர் பொறுமையாக விளக்கினார். மறுநாள் அதை வகுப்பில் சொன்னேன்.

2017இல் தென்கிழக்காசிய நாடுகளின் சீ விளையாட்டுப் போட்டி கோலாலம்பூருக்கு வந்தது. அந்த விளையாட்டில் முதன்முறையாகக் குளிர்கால ஆட்டங்களையும் சேர்த்திருந்தார்கள். டாமன்சாரா பெர்டானா எம்பயர் சிட்டியில் ஐஸ் ஹாக்கி. குழுவைக் கூட்டிக்கொண்டு போனேன். தங்கம் பிலிப்பைன்ஸுக்குப் போனது. எங்கள் வெயிலையும் எங்கள் மழையையும் அறிந்த ஒரு நாடு இதை இப்படி ஆட முடியும் என்பதைப் பிள்ளைகள் கண்ணால் பார்த்துவிட்டார்கள். அதன் பிறகு பயிற்சிக்கு யாரும் தாமதமாக வரவில்லை.

இந்த வேலையில் பெரும்பகுதி ஆட்டமே இல்லை, ஈரத்தோடு போராடுவதுதான். தலைக்கவசம், தோள்காப்பு, முழங்கைக் காப்பு, கையுறை, திணிப்புக் காற்சட்டை, கணுக்கால் முதல் முட்டிவரை காப்பு, ஸ்கேட்ஸ் என்று ஒவ்வொருவரின் பையிலும் ஒரு குடும்பத்துத் துணி அளவுக்குச் சுமை. குளிர்நாட்டில் இரவோடு இரவாகக் காய்ந்துவிடுமாம். இங்கே இரண்டு நாள் பைக்குள் விட்டால் பூஞ்சை பூத்துவிடும். ஸ்கேட்ஸின் கத்தியைத் துடைக்காமல் வைத்தால் காலையில் துரு. அதனால் அப்பாவின் பழைய கைலிகளை முழத்துண்டுகளாகக் கிழித்து ஆளுக்கொன்று கொடுத்திருந்தேன். ஆட்டம் முடிந்ததும் பதினேழு பிள்ளைகளும் வரிசையாக உட்கார்ந்து கட்டம் போட்ட கைலித் துண்டால் கத்தி துடைப்பார்கள். அந்தக் கத்தியின் அடிப்பக்கம் தட்டையாக இருக்காது. நடுவில் குழிவாகச் சாணை பிடித்து இரண்டு பக்கமும் கூர் விளிம்பு நிற்கும்படி செய்வார்கள். அந்தக் குழிவு ஒரு சிறு வட்டத்தின் வில். எங்கள் பிள்ளைகளுக்கு அதன் ஆரம் அரை அங்குலம். வட்டம் நடத்தும்போது நான் காம்பஸை எடுப்பதில்லை, ஸ்கேட்ஸைத்தான் எடுப்பேன்.

ஆண்டுக்கு ஒரு வெளியூர்ப் பயணம் உண்டு, பெரும்பாலும் சிங்கப்பூர். ஜூரோங் ஈஸ்டில் ஜேகியூப் பேரங்காடியின் ரிங்க் 2012இல் திறந்தது, ஒலிம்பிக் அளவு. துவாஸ் பாலம் வழியாகப் போனால் எல்லையிலிருந்து கிட்டத்தில். 2017இலும் 2018இலும் போய்வந்தோம். 2019 நவம்பர் பயணத்தைத்தான் சொல்ல வந்தேன்.

அந்த ஆண்டு குழுவில் இரண்டாவது கோல்கீப்பராகப் பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் சேர்ந்திருந்தான். நம் தமிழ்ப் பையன். இரண்டாவது கோல்கீப்பர் என்றால் எல்லாக் காப்பும் அணிந்து முழு ஆட்டமும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவன். பயிற்சியில் யாரும் நிறுத்தச் சொல்லும்வரை நிறுத்த மாட்டான். சனிக்கிழமை இரண்டாவது ஆட்டத்தின் கடைசி இருபது நிமிடம் உனக்குத்தான் என்று பயிற்சியாளர் வாக்குக் கொடுத்திருந்தார். பாட்டியிடம் சொல்லிவிட்டேன் மிஸ், அவங்க சாமிக்கு வேண்டிக்கிட்டாங்க என்று என்னிடம் வந்து சொன்னான்.

விடிகாலை ஐந்து மணிக்குப் பேருந்து புறப்பட்டது. எட்டு மணிக்கு மாச்சாப் ஓய்விடத்தில் எல்லாரும் பசியாற இறங்கினார்கள். நான் பேருந்திலேயே உட்கார்ந்து சிங்கப்பூர்க் குடிநுழைவுக்கான வெள்ளை அட்டைகளை நிரப்பிக்கொண்டிருந்தேன். அவனுடைய கடப்பிதழைத் திறந்து பெயரை எழுதிவிட்டு எண்ணைப் பார்க்கப்போன கண், அதற்கும் கீழே போனது. 2020 மார்ச்சில் காலாவதி. நான்கு மாதம்தான் மிச்சம். ஆறு மாதம் இருக்க வேண்டும்.

கடப்பிதழ் நகல்களை இரண்டு வாரத்துக்கு முன்பே வாங்கிவிட்டேன். பெற்றோர் அனுமதிக் கடிதம், ஒவ்வாமை விவரம், அவசர எண் எல்லாம் கோப்பில் வரிசையாக இருந்தன. நகலில் அந்தத் தேதியும் இருந்தது. பக்கத்தைப் பார்த்து டிக் போட்டிருக்கிறேன், படிக்கவில்லை. குற்றம் முழுக்க என்னுடையது. வீட்டில் பார்த்திருக்கலாமே என்று அன்று யாரோ சொன்னார்கள். அதை நான் ஏற்கவில்லை, இன்றும் ஏற்கவில்லை. அந்தப் பட்டியலைக் கையில் வைத்திருந்தவள் நான்.

ஓட்டுநர் அண்ணனிடம்தான் முதலில் சொன்னேன். "துவாஸ்ல திருப்பி விட்டுருவாங்க டீச்சர். பாலத்துல போய்த் திரும்புறதுக்கு இங்கேயே ஒரு முடிவு எடுத்துருங்க," என்றார். பையனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னேன். அவன் கடப்பிதழை வாங்கி அந்தத் தேதியை விரலால் தொட்டுப் பார்த்தான். பிறகு, "நான் இறங்கிக்கிறேன் மிஸ். அவங்களுக்கு லேட் ஆயிரும்," என்றான்.

அவன் அப்பா கோலாலம்பூரிலிருந்து காரில் கிளம்பினார். கோப்பை உடற்கல்வி ஆசிரியரிடம் கொடுத்துவிட்டு, எல்லைக்கு முன்னால் கேலாங் பாத்தாவில் நானும் பையனும் இறங்கிக்கொண்டோம். அந்த ஊர்ப் பெயருக்கு மலாயில் உடைந்த வளையல் என்று பொருள். சாலையோரத்தில் இந்திய முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடை ஒன்றில் உட்கார்ந்தோம். அவனுக்கு ரொட்டி சானாயும் மைலோ ஐஸும். எனக்குத் தே தாரேக், ஆறவிட்டுவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் அவன் எழுந்து போய்ப் பையைத் திறந்தான். வியாழன் பயிற்சியின் ஈரம் இன்னும் இருந்தது. கால்களுக்குக் கட்டும் இரண்டு பெரிய பேடையும் தூக்கிக்கொண்டு போய்க் கடைக்கு வெளியே புல்லில் வெயிலுக்கு விரித்தான். மார்புக்காப்பை நாற்காலியின் முதுகில் மாட்டினான். கையுறைகளைக் குப்புறக் கவிழ்த்தான். அவனாகவே, ஒன்றும் பேசாமல். அடுத்த மேசையில் நாளிதழ் படித்துக்கொண்டிருந்த தாத்தா ஒருவர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"என்ன தம்பி இது, மெத்தையா?"

"கோல்கீப்பர் பேட் தாத்தா. ஐஸ் ஹாக்கி."

"ஐஸ்லயா? எப்படி நிக்கிறது?"

அங்கேதான் அவன் முகம் மாறியது. மேசைக்கு வந்து உட்கார்ந்து இரண்டு சீனிப் பொட்டலத்தைக் கோல் கம்பங்களாக வைத்தான். தன் மைலோ தம்ளர் கோல்கீப்பர். பல்குச்சி டப்பாவின் மூடி பக். அடிப்பவன் இங்கே நின்றால் கம்பங்களுக்கு நடுவே இவ்வளவு இடம் தெரியும். கோல்கீப்பர் கோட்டிலேயே நின்றால் இரண்டு பக்கமும் ஓட்டை. இப்படி முன்னால் வந்தால் அடிப்பவன் கண்ணுக்குக் கோலே தெரியாது. தம்ளரை முன்னால் நகர்த்தி நகர்த்திக் காட்டினான். தாத்தா குனிந்து ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார். "அட, ஆமா," என்றார்.

நான் ஒரு டிஷ்யூவை எடுத்து வரைந்தேன். கோலின் அகலம் 1.83 மீட்டர். அடிப்பவன் ஆறு மீட்டர் தள்ளி நேர் எதிரே நிற்கிறான். நீ இரண்டு மீட்டர் முன்னால் வந்தால் அடைக்கவேண்டிய அகலம் 1.22 மீட்டர்தான். வடிவொத்த முக்கோணங்கள், போன மாதம் நடத்தியதுதான். அவன் டிஷ்யூவைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "ஆனா ரொம்ப முன்னால வந்துட்டா, அவன் அடிக்காம பக்கத்து ஆளுக்குத் தள்ளி விட்டுருவான் மிஸ். அப்புறம் திரும்பிப் போக முடியாது. எவ்வளவு வரணும்ங்கிறதுதான் கஷ்டம்," என்றான். இருபது ஆண்டுக்கும் மேலாகக் கணிதம் சொல்லித் தருகிறேன். ஒரு பிள்ளை தன் உடம்பால் தெரிந்துகொண்ட கணக்கை எனக்கே திருப்பிச் சொன்னது அன்றுதான்.

இரண்டாவது ஆட்டம் மாலையில்தான். அவன் அப்பா ஒரு மணிக்கு முன்பே வந்துவிட்டார். என்மேல் ஒரு சொல் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். காய்ந்த பேடுகளைப் பையில் அடுக்கும்போது, "அடுத்த வருஷம் கண்டிப்பா போறோம், முதல் ஆட்டமே உனக்கு," என்று சொன்னேன். அவன் தலையாட்டினான். அந்த இரவு வந்த செய்தியில் இரண்டு ஆட்டமும் தோல்வி.

அதற்குப் பிறகு ஆகஸ்ட் கடைசி வாரத்திலேயே எல்லாக் கடப்பிதழையும் கையில் வாங்கி, காலாவதித் தேதியை நானே வாய்விட்டுப் படித்து எழுதிக்கொள்ளும் வழக்கம் வந்துவிட்டது. பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கேட்க வேண்டும். புதிதாக வரும் ஆசிரியர்களுக்கு இது மிகையாகத் தெரிகிறது. தெரியட்டும்.

அடுத்த வருஷம் என்று நான் சொன்னது நடக்கவில்லை. 2020 மார்ச் 18இல் நாடு அடங்கியது. ரிங்குகள் மூடின, எல்லை மூடியது. எல்லை முழுதாகத் திறந்தது 2022 ஏப்ரலில். அதற்குள் அவன் என்னைவிட உயரமாகிவிட்டான்; பேடு எதுவும் பொருந்தவில்லை; அப்பாவுக்குப் பினாங்கில் வேலையாகிக் குடும்பமே கிளம்பிவிட்டது. விடைபெற வந்த அன்று கைலித் துண்டைத் துவைத்து மடித்துத் திருப்பித் தந்தான். வைத்துக்கொள் என்றேன்.

2023 ஆகஸ்டில் அவனிடமிருந்து ஒரு செய்தி. "மிஸ், ஜேகியூப் மூடிட்டாங்களாம். நம்ம போகவேண்டிய ரிங்க்." கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று: "எப்படி இருந்துச்சு மிஸ்?"

அறுபது மீட்டர் நீளம், முப்பது மீட்டர் அகலம் என்று எழுதினேன். அனுப்பாமல் அழித்தேன். எங்கள் பெஞ்ச் எந்தப் பக்கம் இருந்தது, பலகையில் பக் மோதினால் சத்தம் எப்படி எதிரொலிக்கும், 2018இல் எங்கள் கோல்கீப்பர் கூண்டிலிருந்து எத்தனை அடி முன்னால் வந்து நின்றான், அப்போது எதிரில் வந்தவன் அடித்தானா தள்ளி விட்டானா என்று நினைவில் இருந்த எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எழுதத் தொடங்கினேன். எழுதி முடித்து அனுப்பியபோது நள்ளிரவு தாண்டியிருந்தது. அவன் இன்னும் விழித்திருந்தான்.