டைமிங் பெல்ட் அறுந்த பிறகு: என்ஜினுக்குள் என்ன ஆனது என்று பார்த்த கதை

போன மாதம் கோவை அவிநாசி சாலையில், ஹோப் காலேஜ் சிக்னலில் பச்சை விழுந்து வண்டியை நகர்த்தும்போது என்ஜின் சட்டென்று நின்றது. சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் வழக்கத்தைவிட வேகமாக, பாரமே இல்லாதது போலச் சுற்றியது. டைமிங் பெல்ட் அறுந்துவிட்டது. பெல்ட்டை மாற்ற வேண்டிய கெடு தாண்டி இரண்டு வருடம் ஆகியிருந்தது. தப்பு என்னுடையதுதான்.

அப்பா வாங்கிய 4 சிலிண்டர் பெட்ரோல் கார் இது. இந்த வகை என்ஜினில் வால்வு (காற்றும் பெட்ரோலும் உள்ளே வரவும், புகை வெளியே போகவும் திறந்து மூடுவது) இறங்கும் இடத்துக்கே பிஸ்டனும் ஏறி வரும். இரண்டும் மோதாமல் நேரம் பிரித்துக் கொடுப்பது அந்த பெல்ட்தான். அது அறுந்தால் வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் நின்றுவிடும், பிஸ்டன்களோடு இணைந்த கிராங்க் மட்டும் சுற்றும். திறந்து நிற்கும் வால்வின் மேல் பிஸ்டன் வந்து இடிக்கும்.

மெக்கானிக் அண்ணா வந்து பார்த்தார். "ஹெட்டைக் கழட்டி வளைஞ்ச வால்வை மாத்திரலாம் தம்பி, ஓடிரும்" என்றார். ஹெட் என்பது சிலிண்டர்களுக்கு மேலே மூடி போல இருந்து வால்வுகளைத் தாங்கும் பகுதி. அவர் அனுபவம் பெரிது. ஆனால் எனக்கு ஒரு பயம் இருந்தது. வால்வை வளைத்த அதே அடி பிஸ்டனுக்கும் விழுந்திருக்கும், அதன் வழியாக, பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடுக்கும் போயிருக்கும். ஹெட்டை மட்டும் சரிசெய்து பூட்டிவிட்டு, கீழே ஒரு ராட் வளைந்திருந்தால்? "நானே கொஞ்சம் பார்க்கிறேன் அண்ணா" என்றேன். "பாருங்க, ஆனா செல்ஃப் அடிக்காதீங்க, கையில சுத்துங்க" என்று சொல்லி டூல் பெட்டியை வைத்துவிட்டுப் போனார்.

முதலில் புது பெல்ட்டைக் குறி பார்த்துப் போட்டேன். கேம் சுற்றாமல் கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று அழுந்தும் அளவு, பார்க்க முடியாது. கிராங்க் போல்ட்டில் சாக்கெட் வைத்து இரண்டு முழுச் சுற்று கையால் சுற்றினேன். எங்கும் தட்டவில்லை. அதற்கப்புறம்தான் கேஜை மாட்டி ஸ்டார்ட்டரைத் தொட்டேன். முதல் சிலிண்டர் 165 பிஎஸ்ஐ, நான்காவது 160. இரண்டிலும் மூன்றிலும் முள் அசையவே இல்லை. அந்த இரண்டிலும் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டுத் திரும்பப் பார்த்தேன். பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் தேய்மானம் என்றால் ஆயில் அடைத்து அளவு கொஞ்சம் ஏறும். ஏறவில்லை. ஆக, காற்று போவது வால்வு வழியாக.

எந்த வால்வு? இந்தப் பகுதிதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. பழைய ஸ்பார்க் பிளக் ஒன்றின் பீங்கானை உடைத்து எடுத்து, இரும்புக் கூட்டில் ஒரு நிப்பிள் வெல்டு வைத்து வாங்கினேன். பக்கத்து பஞ்சர் கடை கம்ப்ரெசரிலிருந்து ஹோஸ் இழுத்து அதில் மாட்டினேன். பிஸ்டனை கம்ப்ரெஷன் முடியும் உச்சியில் நிறுத்தி, வண்டியை கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக்கும் இழுத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் காற்றே கிராங்கைச் சுற்றிவிடும். காற்றைத் திறந்துவிட்டுக் காதை வைத்தேன். இரண்டாவது சிலிண்டருக்கு சைலன்சர் வாயில் "உஸ்ஸ்" என்று தெளிவாக வந்தது: எக்ஸாஸ்ட் வால்வு. மூன்றாவதுக்கு ஏர் ஃபில்டர் பக்கம்: இன்டேக். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து கேட்டேன், அதிகச் சத்தம் இல்லை, ரிங் வழியாகப் பெரிதாகக் கசியவில்லை. ரேடியேட்டரில் குமிழியும் வரவில்லை, ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கேஸ்கெட் வழியாகவும் கசிவு தெரியவில்லை. போனில் செருகும் எண்டோஸ்கோப் கேமராவை பிளக் ஓட்டையில் விட்டால், இரண்டு பிஸ்டன் தலையிலும் கரிக்கு நடுவே பிறை வடிவில் பளபளப்பான தழும்பு, வால்வு இடித்த அடையாளம்.

ஹெட்டைக் கழற்றினோம். வளைந்த வால்வின் தண்டைக் கண்ணாடி மேல் உருட்டினால் தலை தள்ளாடுவது கண்ணுக்கே தெரிந்தது. தழும்பு ஆழமில்லை, நகத்தில் லேசாகத்தான் பட்டது. விரிசல் எதுவும் இல்லை. சிலிண்டர் சுவரிலும் நகம் மாட்டும்படி கோடு இல்லை.

அப்புறம் ராட். இந்த என்ஜினில் 2-ம் 3-ம் ஒன்றாக ஏறும், 1-ம் 4-ம் ஒன்றாக ஏறும். ஒவ்வொரு பிஸ்டனையும் உச்சிக்குக் கொண்டுவந்து, சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்கின் மேல்தளத்திலிருந்து உயரத்தை டயல் கேஜில் அளந்தேன். ராட் வளைந்திருந்தால் அதன் நீளம் குறைந்து, அந்த பிஸ்டன் மட்டும் தாழ்ந்து நிற்கும். நான்கையும் மூன்று தடவை அளந்தேன். வித்தியாசம் 0.03 மில்லிமீட்டருக்குள் அடங்கியது. அன்று இரவுதான் நிம்மதியாகத் தூங்கினேன்.

ஹெட் இப்போது கணபதியில் ஒரு லேத் பட்டறையில் இருக்கிறது. வளைந்த இரண்டோடு சேர்த்து, அந்த இரு சிலிண்டர்களின் எல்லா வால்வுகளையும் மாற்றச் சொல்லியிருக்கிறேன். பார்வைக்கு நேராக இருந்தாலும் அடி வாங்கிய வால்வு பின்னால் தலை உடைந்து உள்ளே விழலாம். அப்படி விழுந்தால் பிஸ்டனும் போய்விடும். வால்வின் தண்டு நகரும் கைடு, தலை உட்காரும் சீட் இரண்டையும் அவர்களே பார்க்கிறார்கள். திரும்பி வந்ததும் ஹெட்டைக் கவிழ்த்து, பிளக்கை மாட்டி, எரியறைகளில் டீசல் ஊற்றி வைத்து, போர்ட் பக்கம் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். புது கேஸ்கெட்டும் புது ஹெட் போல்ட்டுகளும் வாங்கி வைத்தாயிற்று. பூட்டியதும் நான்கு சிலிண்டர் அளவையும் இங்கே எழுதுகிறேன்.