ஆன் செய்த ஐந்து நிமிடத்தில் ஹேங் ஆன கம்ப்யூட்டர்: சரிசெய்த முறை

கம்ப்யூட்டர் ஹேங் ஆகிறது என்றதும் நம் பக்கம் "ஃபார்மேட் போட்டிரலாம்" என்பார்கள். தயவுசெய்து உடனே சம்மதிக்காதீர்கள். குடும்பப் படங்களும் பிள்ளைகளின் சான்றிதழ்களும் அந்த டிஸ்க்கில்தான் கிடக்கும். கோளாறு வேறு இடத்தில் இருந்தால் ஃபார்மேட்டால் ஒரு பயனும் இல்லை.

இது திசையன்விளைக்கும் உவரிக்கும் நடுவே ஒரு வீட்டு மெஷின். நான்காம் தலைமுறை ஐ3 பிராசஸர், இரண்டு 4 ஜிபி டிடிஆர்3 ராம் (தற்காலிக நினைவகப் பலகை), 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. டெஸ்க்டாப் வந்து ஐந்து நிமிடத்துக்குள் மவுஸ் அசையாது.

அப்படி நிற்கும்போது கேப்ஸ் லாக்கை அழுத்திப் பார்க்க வேண்டும். விளக்கு எரிந்து அணைந்தால் மெஷின் உயிரோடு இருக்கிறது, எதற்கோ, பெரும்பாலும் டிஸ்க்குக்காக, காத்திருக்கிறது. இதில் விளக்கு மாறவே இல்லை. அடுத்து பயாஸுக்குள், அதாவது விண்டோஸ் ஏறுவதற்கு முன்பே ஓடும் போர்டின் அமைப்புத் திரைக்குள், போய் எதையும் தொடாமல் அப்படியே விட்டோம். அங்கேயும் உறைந்தது. பயாஸ் ஓடும்போது விண்டோஸ் ஏறியிருக்காது. ஆகவே வைரஸ், அப்டேட், டிரைவர் என்று தேடும் வேலை மிச்சம்.

பயாஸ் காட்டிய பிராசஸர் சூடு 90 டிகிரியைத் தொட்டது. பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினால் பிராசஸரின் சூட்டை வாங்கி வெளியேற்றும் உலோகத் தகடுகளான ஹீட்சிங்க்கின் இடுக்கெல்லாம், தேரி எனும் மணல்மேட்டுச் செம்மண். ஆனி, ஆடிக் காற்றில் வரும் இந்தப் பொடி மாவைவிட மெல்லியது. மேலாகத் துணியால் துடைத்தால் போகாது. பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை இறக்கினோம். புளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றில் தாறுமாறாகச் சுற்றினால் பேரிங் கெடும்.

ஹீட்சிங்க்கின் நாலு பின்னையும் அம்புக்குறி காட்டும் பக்கம் திருப்பி மேலே இழுத்தால் கழன்றுவிடும். பிராசஸரின் சூட்டை ஹீட்சிங்க்குக்குக் கடத்தும் பேஸ்ட் காய்ந்து கல்லாகியிருந்தது. அதை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, நடுவில் துவரம்பருப்பு அளவு புதுப் பேஸ்ட் வைத்தோம். திரும்ப மாட்டுகையில் பின்களை மூலைக்கு மூலை எதிராக அழுத்த வேண்டும். போர்டின் பின்புறம் நாலும் முழுசாக வெளியே வந்திருக்கின்றனவா என்று பார்க்காமல் மூடவே கூடாது. ஒரு பின் ஏறாவிட்டாலும் ஒரு பக்கம் தூக்கி நின்று சூடு திரும்பவும் ஏறும்.

சூடு 50க்கு இறங்கியது. ஆனாலும் ஹேங் நிற்கவில்லை, சற்றுத் தள்ளிப்போனது, அவ்வளவுதான். பொதுவாகச் சூடு மிஞ்சினால் பிராசஸர் வேகத்தைக் குறைக்கும், பிறகு மெஷினே அணைந்துவிடும். இப்படி அசையாமல் உறைவது ராம் கோளாறிலும் அடிக்கடி வரும். கழற்றிப் பார்த்தால் தங்கப்பூச்சுப் பற்கள் மங்கிக் கறுத்திருந்தன. கடற்கரையோர உப்புக்காற்று செய்யும் வேலை அது. வெள்ளை அழிரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளைத் தூரிகையால் தட்டி, ஆல்கஹாலால் துடைத்தோம். ஸ்லாட்டையும் ஊதிவிட்டு, ஒவ்வொரு ராமாகத் தனியே போட்டு பென்டிரைவிலிருந்து ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளை ஓட்டினோம். ஒன்று சுத்தமாக முடித்தது. மற்றதில் பிழையைக் காட்டும் சிவப்பு வரிகள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ராம் ஆகாது. நல்லதை மட்டும் வைத்ததும் மெஷின் நின்றுபோகாமல் ஓடியது.

பயாஸில் உறையாமல் விண்டோஸில் மட்டும் உறைந்தால் வழி வேறு. விண்டோஸ் தன் கோளாறுகளைக் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவரின் சிஸ்டம் பகுதியில் டிஸ்க் என்ற பெயரில் 7, 153 என்ற டிஸ்க் கோளாறு எண்கள் வந்திருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் முதலில் டிஸ்க்கைப் போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றிப் பார்க்கலாம். டிஸ்க்கின் நலம் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருள் எச்சரிக்கையாக மஞ்சள் காட்டினால் ஃபைல்களை வேறு டிஸ்க்குக்கு எடுத்த பிறகே, டிஸ்க் பிழைகளைத் தேடித் திருத்தும் விண்டோஸின் செக்டிஸ்க்கை ஓட்டுங்கள். சாகக் கிடக்கும் டிஸ்க்கை அது இன்னும் வருத்தும்.

மெஷினுக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் மேல் சந்தேகம் வந்தால் மஞ்சள் ஒயரில் மீட்டர் வைத்துப் பார்க்கலாம், 11.4க்கும் 12.6 வோல்ட்டுக்கும் இடையில் இருக்க வேண்டும். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் மின்சாரம் தேங்கி நிற்கும்.