பருந்து சுற்றும் பக்கம்

என்னைக் கேட்டால், ஆர்சி கிளைடர், அதாவது ரிமோட்டில் ஓட்டிக் காற்றில் மிதக்கவிடும் குட்டி விமானம், விடுபவர்களுக்குப் பருந்துதான் வாத்தியார். அது சிறகசைக்காமல் வட்டமிடுகிறதா, அங்கே வெப்பக்காற்று மேலே ஏறுகிறது. கிளைடரையும் அங்கே கொண்டுபோய், அது சுற்றும் திசையிலேயே சுற்றவிட வேண்டும். பருந்தைக் காணோமா? நேராகப் போகும்போது ஒரு பக்க இறக்கை தானாக எழும்பினால், காற்று அந்தப் பக்கம்தான் ஏறுகிறது. கிளைடர் எதிர்ப்பக்கம் சரியப் பார்க்கும். விடாமல், எழும்பிய பக்கமே திருப்புங்கள்.

அப்புறம் பராமரிப்பு. வாலில் மூக்கை ஏற்றி இறக்கும் தகடான எலிவேட்டரை விரல்நுனியால் மெல்ல ஆட்டிப் பாருங்கள். அதை அசைக்கும் குட்டி மோட்டாரான சர்வோவின் பல் தேய்ந்திருந்தால் லொடலொடவென்று ஆடும். லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியை முழு சார்ஜில், அதாவது செல்லுக்கு 4.2 வோல்ட்டில், வாரக்கணக்கில் போட்டு வைத்தால் சீக்கிரம் உப்பிவிடும். சும்மா வைப்பதற்கு 3.8 போதும். வேறு எடையில் பேட்டரி மாற்றினீர்களா, எடைமையத்தை மறுபடி பார்த்துவிட்டே வீசுங்கள்.