நிபந்தனை போடுகிறவர்கள்

நாய்க்கு வீடு தேடிக் கொடுப்பது என் வேலை. தென்சென்னையில் ஒரு விலங்குக் காப்பகத்தில் அடாப்ஷன் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். தினமும் வரும் போன்களைக் கேட்டுக் கேட்டு, யார் நாயைக் கடைசிவரை வைத்துக்கொள்வார்கள், யார் திருப்பிக் கொண்டுவந்து விடுவார்கள் என்று இப்போது ஓரளவு பிடிபடுகிறது.

"பாவம்ங்க அது. போட்டோவைப் பார்த்ததுல இருந்து மனசே சரியில்ல. எந்த நாயா இருந்தாலும் சரி, எப்படி இருந்தாலும் சரி, குடுங்க, நான் பார்த்துக்கிறேன்" என்பார்கள் சிலர். கேட்கவே இதமாக இருக்கும். அதில் பொய் எதுவும் கிடையாது, நிஜமாகவே மனம் கலங்கித்தான் பேசுகிறார்கள். இன்னும் சிலர், "ராத்திரி ரொம்பக் குரைக்குமா? நாங்க வீட்டுல முட்டை வரைக்கும்தான், கறி கிடையாது, பரவாயில்லையா? பூஜை அறைக்குள்ள வராம பழக்க முடியுமா?" என்று கேள்வியாகக் கேட்பார்கள். கொஞ்சம் கறாராகத் தெரியும். புதிதாக எங்களிடம் சேரும் தன்னார்வலர்கள் முதல் வகை ஆட்களைத்தான் நல்லவர்கள் என்று குறித்து வைப்பார்கள். நான் இரண்டாம் வகை ஆட்களைத் திரும்பக் கூப்பிடுவேன். பூஜை அறையைப் பற்றிக் கேட்கிறவர், அந்த நாய் தன் வீட்டுக்குள் நடமாடுவதை ஏற்கெனவே மனதுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டார்.

எல்லாத் தெருநாய்க்கும் வீடு தேட வேண்டியதில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். இந்த ஊரில் தெருநாய்களுக்குக் கருத்தடை செய்வது நேற்று வந்த பழக்கமில்லை. 1964-லேயே ப்ளூ கிராஸ் அமைப்பு சென்னையில் அதைத் தொடங்கிவிட்டது. 2001-ல் மத்திய அரசு அதை நாடு முழுமைக்குமான விதியாக்கியது, 2023-ல் அந்த விதிகள் புதுப்பிக்கப்பட்டன. பிடிப்பது, கருத்தடை செய்து ரேபிஸ் தடுப்பூசி போடுவது, அடையாளத்துக்குக் காது நுனியில் சின்னதாக வெட்டுவது, பெரும்பாலும் பிடித்த இடத்திலேயே திரும்ப விடுவது. அவ்வளவுதான். டீக்கடை வாசலிலும் ஏடிஎம் படியிலும் படுத்து, தெருவையே தன் வீடாக வைத்திருக்கும் நாயைப் பிடித்து நான்கு சுவருக்குள் போடுவது அதற்கு நன்மை இல்லை.

வீடு தேவைப்படுகிறவை வேறு. அடிபட்டுக் காலோ கண்ணோ போனவை, தாய் செத்துப்போன குட்டிகள், அப்புறம் வீட்டில் வளர்ந்து ரோட்டில் இறக்கிவிடப்பட்டவை. இந்தக் கடைசி வகை நெஞ்சை அறுக்கும். லேப், ஷிட்சு, இந்த வெயிலில் கொண்டுவந்து வளர்க்கவே கூடாத ஹஸ்கி என்று எல்லாம் வரும். வீட்டு நாய்க்கு ரோட்டைக் கடக்கத் தெரியாது. எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் அங்கிருக்கும் நாய்கள் விரட்டும். பைக் சத்தம் கேட்டால் தன் ஆள்தான் திரும்பி வந்துவிட்டார் என்று ஓடிப்போய் வண்டியில் அடிபடும்.

2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் தெருநாய் உத்தரவுகள் வந்தபோது போன் ஓயவில்லை. "எங்க தெரு நாயைப் பிடிச்சிட்டுப் போயிடுவாங்களாமே, யாராவது எடுத்துக்குங்க" என்று அழுதவர்கள் உண்டு. முதலில் டெல்லி வட்டாரத்தை வைத்து வந்த உத்தரவை அந்த மாதம் 22-ம் தேதி திருத்தினார்கள். ரேபிஸ் உள்ளவை, மூர்க்கமானவை தவிர மற்றதைக் கருத்தடையும் ஊசியும் போட்டு அதே இடத்தில் விடலாம் என்றார்கள். விரும்புகிறவர்கள் தத்தெடுக்கலாம், ஆனால் அந்த நாய் திரும்பத் தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது எடுத்தவர் பொறுப்பு என்றும் அதிலேயே இருக்கிறது. பதற்றத்தில் நாயை எடுக்க வந்தவர்களிடம் நான் படித்துக் காட்டியது இந்த ஒரு விஷயத்தைத்தான்.

செவலையைப் பற்றிச் சொன்னால் நான் சொல்ல வருவது இன்னும் புரியும். பெருங்குடிப் பக்கம் ஓஎம்ஆரில் வண்டி மோதி வந்தவள். இடது முன்னங்கால் நொறுங்கிப்போய் அதை எடுக்க வேண்டியதாகிவிட்டது. பின்னங்கால் போனால் நாய் சீக்கிரம் சமாளித்துவிடும். முன்னங்கால் அப்படியில்லை. உடல் எடையில் ஏறக்குறைய 60 சதவீதத்தை முன்னங்கால்கள்தான் தாங்குகின்றன. ஒன்று போனால் அந்தப் பாரம் முழுக்க இன்னொன்றின் மேல் விழும். ஆகவே எடை ஏறக்கூடாது, நகம் வளரக்கூடாது, வழுக்கும் தரை கூடாது. இதெல்லாம் மருத்துவர் சொன்னது. செவலைக்கு அதைப் பற்றி அக்கறையே இல்லை. தையல் பிரித்த கையோடு வார்டில் துள்ளித் துள்ளி வந்து, பக்கத்துக் கூண்டுக்காரனின் தட்டுக்குள் கம்பி வழியாக மூக்கை விட ஆரம்பித்தாள்.

அவள் போட்டோ பலரிடம் போனது. ஒரு தம்பதி வந்தார்கள், இருவரும் ஐடி வேலை, அடுக்குமாடிக் குடியிருப்பு. தங்கமான மனிதர்கள், இப்போதும் அப்படித்தான் சொல்வேன். பளபளவென்ற டைல்ஸ் தரை என்று வீடு முழுக்க ரப்பர் மேட் வாங்கிப் போட்டார்கள். அந்தப் பெண் லீவு போட்டுவிட்டு அவளை இடுப்பைவிட்டு இறக்கவில்லை. சோறு கையால் ஊட்டினார். வந்து போகிறவர்களெல்லாம் "ஐயோ பாவம்" என்று சொல்லி ஆளுக்கொரு பிஸ்கட் போட்டார்கள். எடை ஏறியது. லீவு முடிந்து இருவரும் ஆபீஸ் போனதும், பகல் முழுக்கத் தனியாக இருந்து பழகாதவள் ஊளையிட்டாள், கதவைச் சுரண்டினாள், பக்கத்து வீட்டுக்காரர்கள் புகார் சொன்னார்கள். அழுதுகொண்டேதான் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். அவர்கள் ஒரு நோயாளியைப் பார்த்துக்கொள்ளத் தயாராக இருந்தார்கள். வீட்டுக்கு வந்ததோ சேட்டை நிறைந்த, நல்ல திடமான ஓர் இளம் நாய்.

மறுபடி அவளைப் பற்றி எழுதியபோது விபத்தை ஒரே வரியில் முடித்தேன். போட்டோவிலும் தையல் தெரிய வேண்டாம் என்றேன். காலை ஆறு மணிக்கு எழுப்பிவிடுவாள், தட்டு திருடுவாள், பெண்களைவிட ஆண்களிடம் சீக்கிரம் ஒட்டுவாள், படி இறங்கும்போது ஆள் கூட வர வேண்டும், நாளெல்லாம் தனியாக விட முடியாது. இப்படியே எழுதினேன். போன்கள் பாதிக்கும் கீழே குறைந்துபோயின. வந்தவற்றில் ஒன்று வில்லிவாக்கத்திலிருந்து, ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

"ஏம்மா, அது ஒண்ணுக்கு எங்க போகும்? பின்பக்கம் மண்ணுதான் இருக்கு, போதுமா?" என்றுதான் ஆரம்பித்தார். அடுத்தது, "கொஞ்ச தூரத்துலயே தண்டவாளம். ரயில் சத்தத்துக்குப் பயப்படுமா?" கால் பற்றிக் கேட்டார், எந்தப் பக்கம் என்று மட்டும். கடைசியில் குரலைத் தணித்து, "என் சம்சாரத்துக்கு நாய் அவ்வளவா ஆகாது" என்றார்.

"அப்படின்னா நான் அம்மாகிட்டதான் சார் பேசணும்" என்றேன்.

நேரில் போனேன். பழைய சிமென்ட் தரை, வழுக்காது, அதை முதலில் பார்த்துக்கொண்டேன். அந்த அம்மா காபி கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். "நான் குளிப்பாட்ட மாட்டேன். கட்டில் மேல ஏறக்கூடாது. சமையல்கட்டுக்குள்ள வரக்கூடாது. எல்லாத்துக்கும் மேல, நாங்க ஊருக்குப் போனா யாரு பார்த்துப்பாங்கன்னு இவரைச் சொல்லச் சொல்லுங்க." அந்தக் கடைசிக் கேள்வியிலேயே எனக்கு நிம்மதியாகிவிட்டது. அவர் திணறினார். அடுத்த தெருவில் இருக்கும் தங்கை மகனைக் கூப்பிட்டு, என் எதிரிலேயே பேசி, அவன் சரி என்ற பிறகுதான் அந்த அம்மா எழுந்தார்.

செவலை இன்று அங்கேதான் இருக்கிறாள். கட்டில் மேல் ஏறுவதில்லை. சமையல்கட்டு வாசலில், நிலைப்படியின் மேல் தாடையை மட்டும் வைத்து, ஒற்றை முன்னங்காலைக் கோட்டுக்கு இந்தப் பக்கமே நீட்டிப் படுத்திருப்பாள். அந்த அம்மா சேலையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு அவளைத் தாண்டிப் போய்வருவார். இருவருக்குள்ளும் கொஞ்சல் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. ஆனால் எடை போட அழைத்து வரும்போது பழைய சீட்டு எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்து வருவது அவர்தான்.

இதனால்தான் வீட்டில் இருக்கும் ஒவ்வொருவரிடமும் பேசாமல் நான் நாயைக் கொடுப்பதில்லை. இருபது சொச்சம் வயதில் ஒரு பெண்ணோ பையனோ ஆசையாக வருவார்கள். ஆனால் பகலெல்லாம் நாயோடு இருக்கப்போவது அவர்களுடைய அம்மா. அவரிடம் கேட்க வேண்டாமா? வீட்டு வேலைக்கு வரும் அக்காவையும் கேட்பேன். இதைப் பலர் யோசிப்பதே இல்லை. அந்த அக்கா நாய்க்குப் பயந்து வேலையை விட்டுவிட்டால், அந்த வாரமே நாயையும் திருப்பிக் கொண்டுவந்து விட்ட வீடுகளைப் பார்த்திருக்கிறேன். வாடகை வீடு என்றால் ஓனர் சம்மதம் எழுத்தில் வேண்டும். அடுக்குமாடிச் சங்கங்கள் செல்லப்பிராணிகளைத் தடை செய்ய முடியாது என்று விலங்கு நல வாரியத்தின் வழிகாட்டுதலே இருக்கிறது. இருந்தாலும் லிஃப்டில் தினம் ஒரு சண்டை என்றால் யாருக்கும் அலுத்துப்போகும், அதனால் அதையும் முன்பே பேசிவிடுவேன். கல்யாணம், பிரசவம், வெளிநாட்டு வேலை, இந்த மூன்றையும் கூச்சப்படாமல் கேட்பேன். எங்களிடம் திரும்பி வரும் நாய்களில் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஒன்றால்தான் வருகின்றன. "அப்பப் பார்த்துக்கலாம்" என்று பதில் வந்தால் காத்திருக்கச் சொல்வேன். கோபப்படுவார்கள். "ஒரு தெரு நாய்க்கு இவ்வளவு கேள்வியா?" என்று போனை வைத்தவர்களும் உண்டு. அந்த நாய்க்காகத்தான் இவ்வளவு கேள்வியும்.

காலமும் பார்க்க வேண்டியிருக்கிறது. பள்ளி விடுமுறையில் குழந்தைகள் கேட்கிறார்கள் என்று குட்டி எடுக்க வருவார்கள், ஜூனில் பள்ளி திறந்ததும் அதே குட்டி ஆளாகி, செருப்பைக் கடித்துக்கொண்டு தனியாக நிற்கும். அதனால் மே மாதத்தில் குட்டிகளைக் கொடுக்க நான் ரொம்பவே யோசிப்பேன். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் எந்த நாயும் எங்களிடமிருந்து வெளியே போகாது. பழகாத வீட்டில் முதல் வெடிச் சத்தம் கேட்டால், திறந்த கதவு வழியாக ஓடியே போய்விடும்.

கொடுப்பதற்கு முன் உண்ணிக் காய்ச்சலுக்கு ரத்தப் பரிசோதனை, கருத்தடை, தடுப்பூசி எல்லாம் முடித்துவிடுவோம். மாநகராட்சி உரிமமும் மைக்ரோசிப்பும் கட்டாயம், அதையும் கையோடு செய்யச் சொல்வோம். காகித வேலைகள் இவ்வளவுதான்.

முதல் சில நாட்கள்தான் எனக்குத் தூக்கம் கெடும். புது வீட்டுக்குப் போன நாய் கட்டிலுக்கடியில் போய்ச் சுருண்டுகொள்ளும். சாப்பிடாது, வாலை ஆட்டாது. "எங்களைப் பிடிக்கல போல" என்று போன் வரும். பிடிக்காமல் இல்லை, அது இன்னும் வந்தே சேரவில்லை. குளிப்பாட்டாதீர்கள், சொந்தக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டாதீர்கள், கட்டிலுக்கடியில் கையை விட்டு இழுக்காதீர்கள், தண்ணீரை மட்டும் பக்கத்தில் வையுங்கள் என்று சொல்வேன். வெளியே கூட்டிப்போகும்போது கழுத்துப்பட்டையோடு மார்புப் பட்டையும் சேர்த்து, இரண்டு கயிறு. மூன்று நாளில் பயம் கொஞ்சம் தணியும், மூன்று வாரத்தில் வீட்டு நேரங்கள் பழகும், மூன்று மாதத்தில் அது தன் வீடு என்று நம்பும். இந்தத் துறையில் எல்லோரும் சொல்லும் கணக்கு இது, பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. இரக்கப்பட்டு எடுத்தவர்கள் மூன்றாவது வாரத்தில்தான் தளர்ந்துபோவார்கள். அப்போது நாயிடம் பாவமாக எதுவும் மிச்சமிருக்காது, சேட்டைதான் இருக்கும். அந்த வாரம் நானே போன் செய்துவிடுவேன்.

இப்போது எங்களிடம் மணி என்று ஒருவன் இருக்கிறான். கருப்பு நாட்டு நாய், நடுத்தர வயது, முகவாயில் நரை விழுந்திருக்கிறது. நான்கு காலும் இரண்டு கண்ணும் நன்றாக இருக்கின்றன, உடம்பில் ஒரு தழும்புகூட இல்லை. அதனாலேயே அவனைக் கேட்டு போன் வருவதில்லை. கயிற்றை இழுக்க மாட்டான். லிஃப்ட் கதவு முழுக்கத் திறக்கும்வரை பொறுமையாக நிற்பான். தயிர் சாதம் போட்டால் தட்டு தேயும்வரை நக்குவான். கேஸ் சிலிண்டரை உருட்டுகிற சத்தம் ஆகாது, உடம்பு நடுங்கும். பூனையோடு ஒரே வீட்டில் விட முடியாது. சின்னக் குழந்தைகள் இருக்கும் வீடு அவனுக்குச் சரிப்படுமா என்று இன்னும் சோதித்துப் பார்க்கவில்லை, பத்து வயதுக்கு மேல் என்றால் பிரச்சினை இல்லை. மத்தியானம் யாராவது ஒருவர் இருக்கிற வீடாக இருக்க வேண்டும். காம்பவுண்டில் கட்டிப்போடக் கொடுக்க மாட்டோம். நேரில் வந்து அரை மணி நேரம் அவனோடு நடந்து பாருங்கள், வீட்டில் எல்லோரும் வாருங்கள், வேண்டாம் என்று நினைக்கிறவரையும் அழைத்து வாருங்கள். என்னென்ன கேட்க வேண்டுமோ எழுதிக்கொண்டு வந்தால் இன்னும் நல்லது.