கொழகொழத்த இலையா? முதலில் வேரைப் பாருங்கள்

அட்டன், மஸ்கெலியா, நுவரெலியாப் பக்கம் சாடியில் வளர்க்கும் கற்றாழை, ஸ்னேக் பிளான்ட், ஜேட், பெகோனியாவின் இலை கொழகொழத்துப் போவதற்குப் பெரும்பாலும் ஈரமும் குளிரும் சேர்ந்தே காரணம். கொழும்பில் இரண்டு மூன்று நாளில் காய்ந்துவிடும் சாடி, நுவரெலியாவின் 1,870 மீற்றர் உயரத்தில், 16 பாகை குளிரில், மூடுபனிக்குள் பத்து நாளானாலும் காயாது. ஆகவே "வாரத்துக்கு இரண்டு தரம் தண்ணீர்" என்ற அறிவுரை இங்கே செடியைக் கொன்றுவிடும்.

மண்ணில் காற்று நிற்க வேண்டிய இடைவெளி எல்லாம் தண்ணீரால் நிரம்பினால் வேர் மூச்சுமுட்டிச் சாகிறது. செத்த வேரில் பித்தியம் போன்ற, பூஞ்சணத்தை ஒத்த நுண்ணுயிர்கள் புகுந்து அழுகலைப் பரப்புகின்றன. அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. அதனால் மண் நனைந்திருக்கும்போதே இலை தொங்குகிறது. அதைத் தாகம் என்று எண்ணி இன்னும் ஊற்றுகிறார்கள். பெரும்பாலான செடிகள் போவது இந்த இடத்தில்தான். தண்ணீர் போதாத கற்றாழை இலை மெலிந்து உள்ளே குழியும், நுனி காயும், கையில் பிசுபிசுக்காது.

கத்தியை எடுக்குமுன் எந்த இலை, எந்தப் பக்கம் என்று பாருங்கள். அடி இலைகள் மஞ்சளாகி, அடியிலிருந்தே மென்மையாகி, இழுத்தால் கையோடு வந்தால் வேரில் கோளாறு. ஜன்னல் கண்ணாடியைத் தொட்ட பக்கம் மட்டும் ஒரே இரவில் நீர் கோர்த்துக் கருத்தால் குளிர்தான் காரணம். வேர் நன்றாகவே இருக்கும், மண் மாற்றவே வேண்டாம். கெட்ட பகுதிக்கும் நல்ல பகுதிக்கும் இடையில் கோடு தெளியும்வரை சில நாள் பொறுத்து, பிறகு வெட்டினால் போதும். பெகோனியாவில் அழுகிய இடத்தின் மேல் சாம்பல் நிறப் பஞ்சு படர்ந்திருந்தால் அது பொட்ரைட்டிஸ் பூஞ்சணம். அந்த இலைகளையும் உதிர்ந்த பூக்களையும் பொறுக்கி எறிந்து, சாடிகளைத் தள்ளித் தள்ளி வைத்து, இலைமேல் தண்ணீர் தெளிப்பதை நிறுத்துங்கள். இரண்டு மூன்று நாளில் செடி முழுவதும் கூழாகி நாற்றம் அடித்தால் பக்டீரியா மென்னழுகல். அதற்கு மருந்து தேட வேண்டாம். மண்ணோடு பொலித்தீன் பையில் கட்டி எறிந்துவிடுங்கள். அந்த மண்ணைக் கூட்டெருக் குழியிலோ மரக்கறிப் பாத்தியிலோ கொட்டவே கூடாது. இதே வகைப் பக்டீரியாதான் உருளைக்கிழங்கு, கரட், கோவாவையும் அழுக வைக்கிறது.

வேர்க்கோளாறு என்றால் அன்றே சாடியைக் கவிழ்த்துச் செடியை வெளியே எடுங்கள். மண்ணை உதிர்த்து வேரைக் கழுவுங்கள். நல்ல வேர் வெளுத்து விறைப்பாக இருக்கும் (சில செடிகளில் இளமஞ்சளாக). அழுகிய வேரை விரலால் இழுத்தால் தோல் உருவி வந்து நடுவில் நூல் மட்டும் மிஞ்சும். புது பிளேடை சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் துடைத்து, கெட்டது அத்தனையையும் வெட்டுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் மீண்டும் துடைக்க வேண்டும். சோம்பல்பட்டால் அழுகல் பிளேடிலேயே பயணம் செய்யும். வெட்டுவாயில் பழுப்புப் புள்ளிகூட இல்லாத சதை தெரியும்வரை மேலே மேலே போங்கள். பிறகு கரித்தூளோ கறுவாத்தூளோ தொட்டு, காற்றாடும் நிழலில் காய வையுங்கள். கற்றாழை, ஸ்னேக் பிளான்ட் வெட்டுவாய் காய்ந்து தோல் கட்ட, நம் குளிருக்கு ஒரு வாரம் எடுக்கும்.

அடி முழுதும் போயிருந்தால் ஸ்னேக் பிளான்டின் நல்ல இலையை 6, 7 சென்ரிமீற்றர் துண்டுகளாக வெட்டி, அடிப்பக்கம் கீழே வரும்படி நடலாம். தலைகீழாக நட்ட துண்டு வேர்விடாது. மஞ்சள் ஓரம் உள்ள வகையாயிருந்தால் துண்டிலிருந்து வரும் கன்று வெறும் பச்சையாகத்தான் வரும். ஓரம் வேண்டுமானால் கிழங்கோடு சேர்த்துப் பிரிக்க வேண்டும். கற்றாழையின் தனி இலை அநேகமாக அழுகிப் போகும். அதில் பக்கக் கன்றையோ தண்டுத் துண்டையோ காப்பாற்றப் பாருங்கள்.

மண் விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். தேயிலை மலையில் வெட்டிய களிமண்ணைத் தனியாகச் சாடியில் நிரப்பாதீர்கள், நாலு தடவை தண்ணீர் ஊற்றினால் இறுகிவிடும். கற்றாழை, ஜேட், ஸ்னேக் பிளான்டுக்கு ஒரு பங்கு மண், ஒரு பங்கு பருக்கன் மணல், ஒரு பங்கு பயறளவு உடைத்த செங்கல். பெகோனியா போன்றவற்றுக்கு இரண்டு பங்கு தும்புத்தூள், ஒரு பங்கு மண், ஒரு பங்கு மணலும் உமிக்கரியும். தும்புத்தூளில் உப்பு இருக்கலாம், இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் பிழியுங்கள். சாடி, மிஞ்சிய வேரைவிட இரண்டு விரல் அகலமாக இருந்தால் போதும். பெரிய சாடியில் வேர் எட்டாத மண் ஈரத்தைத் தேக்கி வைக்கும். அடியில் கல் பரப்பும் வழக்கமும் உதவாது: நுண்மண்ணிலிருந்து தண்ணீர் கல்லுக்குள் சுலபமாக இறங்காது, ஈர மண் இன்னும் வேருக்குக் கிட்ட வந்து நிற்கும். துளை தாராளமாக இருக்கட்டும். பழைய சாடியைத் திரும்பப் பாவிப்பதானால் ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து அரை மணி நேரம் ஊற வைத்துக் கழுவுங்கள்.

நட்ட பிறகு சதைப்பற்றுள்ள செடிக்கு ஒரு வாரம் தண்ணீரே வேண்டாம். மற்றவற்றுக்கு மண் இலேசாக ஈரமாகும் அளவு போதும். புது இலை விரியும்வரை உரமும் வேண்டாம். அதன்பின் நாள் பார்த்து ஊற்றாமல் சாடியைத் தூக்கிப் பாருங்கள். காய்ந்த சாடியின் பாரம் கைக்குப் பழகிவிடும். சந்தேகமென்றால் ஈர்க்குச்சியை அடிவரை குத்தி எடுங்கள். மண் ஒட்டி வந்தால் இன்னும் பொறுக்க வேண்டும். பீலித் தண்ணீரை உடனே ஊற்றாமல் வாளியில் பிடித்து ஓர் இரவு வீட்டுக்குள் வையுங்கள். குளிர்ந்த தண்ணீர் ஆபிரிக்கன் வயலட் இலையில் பட்டால் வெளிறிய வளையம் விழும்.

எந்தச் சரிவில் இருக்கிறீர்கள் என்பதும் கணக்கு. மேற்குச் சரிவிலுள்ள அட்டன், தலவாக்கலைக்கு மே முதல் செப்டெம்பர்வரை தென்மேற்கு மழை. அப்போது கற்றாழைக்கு மாதம் ஒரு தரமே அதிகம். கிழக்குச் சரிவில் பதுளை, பண்டாரவளைப் பக்கம் அதே மாதங்களில் வரட்சியும் காற்றும், சாடி சீக்கிரம் காயும். அங்கே கையைக் கட்டவேண்டிய காலம் வடகீழ்ப் பருவமழை பெய்யும் டிசம்பர், ஜனவரி. இஸ்தோப்பில் தகரக் கூரை ஓரம் வைத்த சாடிகளை மழைக்கு முன்பே சுவர்ப்பக்கம் நகர்த்துங்கள், சொட்டு நீர் நேரே குருத்துக்குள் விழும். நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரியில் பகல் வெயில் தெளிவாக அடித்து, மாலை காற்றும் ஓய்ந்து, வானத்தில் முகில் இல்லையென்றால் விடியற்காலை உறைபனி விழலாம். அன்று இருட்டுமுன் செடிகளை உள்ளே எடுத்து, கண்ணாடியிலிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள். தண்ணீர் ஊற்றுவதை மறுநாள் வெயில் ஏறிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.